ஐ.சி.டி ஆசிரியர்களுக்கு: திரையின் நிறங்கள் பற்றி ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சேர்மாருக்கும் ரீச்சர்மாருக்கும்,

களனி கங்கை கடலில் விழுகிற மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை தாண்டி தெற்கே வெள்ளவத்தை வரை, தமிழ் மொழிமூலம் உயர்தர ஐ.சி.டி படிப்பிக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். பாடசாலையில் காலையில் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் ரியூசன் மண்டபத்தில் நிற்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். களனிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே வார இறுதியில் வகுப்பெடுக்கும் தம்பி தங்கைகளும் இருக்கிறீர்கள். உங்களிடம் கேட்க வந்தது ஒரு விடயம்தான். பைத்தன் தொடங்கும் முதல் வகுப்பில், எடிட்டர் காட்டும் நிறங்களை மாற்றுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு முன்னர், உங்கள் புரொஜெக்டரில் விழுகிற திரையின் நிறங்களை நீங்களே மாற்றுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறேன் என்றால், எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிவதில்லை. மென்பொருள் எழுதித்தான் சீவிக்கிறேன். பைத்தனை நான் முதலில் கற்றது வெள்ளவத்தையில் ஒரு ரியூசன் வகுப்பில். எங்கள் சேர் அருமையாகப் படிப்பிப்பவர். தடக்கம் வருகிற இடத்தில் நின்று, "அந்தப் பச்சை எழுத்தைப் பாருங்கோ, அதுதான் சரம். சிவப்பில இருக்கிறது குறிப்பு, கணினி அதை வாசிக்காது" என்பார். மண்டபம் முழுக்கத் தலையாட்டும். எனக்கு இரண்டும் ஒரே மண்ணிறமாகத் தெரிந்தது. எழுந்து நின்று கேட்கிற வயதல்ல அது. பாடம் விளங்கவில்லை என்று சொன்னால் திருப்பிப் படிப்பிப்பார்கள். நிறம் விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அந்த மண்டபத்தில் என்னைப்போல் இன்னும் சிலர் இருந்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அவர்களும் தலையாட்டித்தான் இருப்பார்கள்.

ஐடிலை எடுத்துக்கொள்வோம். பைத்தனை நிறுவும்போது கூடவே வருவது. அதனால்தான் பல வகுப்புகளில் அதுவே முதல் எடிட்டர். அது தானாகக் காட்டும் நிறங்கள் உங்களுக்கு மனப்பாடம். ஒதுக்கிய சொற்கள் செம்மஞ்சள், சரங்கள் பச்சை, குறிப்புகள் சிவப்பு, உள்ளமைந்த சார்புகள் ஊதா, நாம் வரையறுக்கும் சார்பின் பெயர் நீலம். வெள்ளைப் பின்னணியில் ஐந்து நிறம். சிவப்பு பச்சை பிரியாத கண்ணுக்கு இதில் செம்மஞ்சளும் பச்சையும் சிவப்பும் ஒரே பக்கம் சாய்ந்து, மஞ்சள் கலந்த மண்ணிறத்தின் வெவ்வேறு அடர்த்திகளாகி விடுகின்றன. ஊதாவிலிருக்கும் சிவப்பு கழன்றுபோக, அது நீலத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஐந்தாக இருந்தது ஏறக்குறைய இரண்டாகிவிட்டது. அதிலும் ஆகக் கூடுதலாக வேறுபட வேண்டிய இரண்டு, அதாவது கணினி அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் சரமும் கணினி தொடாமலே விட்டுவிடும் குறிப்பும், ஒன்றோடொன்று கலக்கின்றன.

இந்தக் குறை எப்படி வருகிறது என்று உயிரியல் சேர்மாருக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் நிறப்பொருள்களுக்கான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான். அது பழுதானால் ஈடுசெய்ய இன்னொன்று இல்லை. அதனால் இது பெண்களை விட ஆண்களிடம் பலமடங்கு அதிகம். தாய்க்கு எந்தக் குறையும் தெரியாமலே மகனுக்கு வரலாம். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. ஆசியாவில் அந்த வீதம் குறைவு. ஆனாலும் நூறு பெடியன்கள் இருக்கும் ஒரு மண்டபத்தில் ஓரிருவராவது இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு படிப்பிப்பதுதான் நியாயம்.

அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தங்களுக்கு இப்படியொன்று இருப்பதே தெரிந்திருக்காது. அணுக்கொள்கை தந்த ஜோன் டால்ற்றனுக்கே வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1794இல் மான்செஸ்டரில் தன்னுடைய கண்ணைப் பற்றித் தானே ஓர் ஆய்வுரை வாசித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் தனக்கு இப்படித் தெரிகிறது என்று நம்பி, தான் இறந்த பிறகு கண்ணைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிவைத்தார். 1844இல் சோதித்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பத்திரப்படுத்தி வைத்திருந்த கண்ணின் பகுதியிலிருந்து 1995இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோதுதான், பச்சையை உணரும் நிறப்பொருள் அவருக்கு இல்லாமல் இருந்தது உறுதியானது. டால்ற்றன் போன்ற ஒருவருக்கே தன் கண்ணை விளங்கிக்கொள்வது அவ்வளவு கடினமாக இருந்ததென்றால், பதினேழு வயதுப் பிள்ளை தானாக வந்து சொல்லும் என்று காத்திருக்க முடியுமா?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆஸ்திரேலிய அணிக்கு விளையாடிய கிறிஸ் ரோஜர்ஸும் மத்தியூ வேடும் இந்தக் குறை உள்ளவர்கள். 2015 நவம்பரில் அடிலெய்டில் முதலாவது பகலிரவு டெஸ்ட் நடப்பதற்கு முன்பே, இளஞ்சிவப்புப் பந்தைப் பிடித்துப் பார்ப்பது தனக்குச் சிரமமாக இருக்கிறது என்று ரோஜர்ஸ் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். டெஸ்ட் ஆட்டத்தில் தொடக்க வீரராக இறங்கி ஓட்டம் குவித்த மனிதரின் திறமையில் குறை இல்லை. பந்துக்குத் தேர்ந்தெடுத்த நிறம்தான் அவருக்குப் பொருந்தவில்லை.

இது அந்த ஓரிருவருக்கு மட்டுமான விடயமும் அல்ல. உங்கள் பின்வரிசை முழுவதையும் பாதிக்கிற இன்னொன்று இருக்கிறது. ஒரு நிறம் தெளிவாகத் தெரிவதற்கு அதன் பெயரைவிட, பின்னணியோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு வெளிச்சம் அல்லது எவ்வளவு இருள் என்பதுதான் முக்கியம். இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரம், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் இந்த வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது. ஐடிலின் நிறங்களை அதே சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஊதாவும் நீலமும் 8ஐத் தாண்டி நிற்கின்றன. சிவப்பு 5க்குக் கொஞ்சம் மேலே. பச்சை சுமார் 3.1தான். ஒதுக்கிய சொற்களுக்கான செம்மஞ்சள் சுமார் 2.7. நிபந்தனை, மடக்கு, சார்பு வரையறை என்று நீங்கள் முழுத் தவணையும் படிப்பிக்கப்போகிற சொற்கள்தான் திரையில் ஆக மங்கலாக விழுகின்றன.

இது கையில் இருக்கும் மடிகணினியில் தாங்கும். மண்டபத்தில் தாங்காது. காலி வீதிப் பக்கத்து யன்னல்களைச் சாத்தினால் வேர்க்கும். திறந்துவிட்டால் வெளிச்சம் உள்ளே வரும். புரொஜெக்டரால் கறுப்பை அடிக்க முடியாது. அது வெளிச்சம் போடாத இடம்தான் கறுப்பு. அந்த இடத்தில் மண்டபத்து வெளிச்சம் விழுந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும். ஏற்கெனவே 2.7 ஆக இருந்த விகிதம் அங்கே இன்னும் இறங்கும். பின்வரிசைப் பிள்ளை பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறதென்றால் அதைக் கள்ளம் என்று நினைக்க வேண்டாம். திரை தெரியாமலும் இருக்கலாம்.

பிள்ளைகள் இப்போது விரும்புவது கருந்திரை. மொனொகாய், ட்ராகுலா போன்ற கறுப்புப் பின்னணி நிறத்தொகுப்புகளின் பெயர்கள் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரவில் அறையில் தனியே எழுதும்போது யாருக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வெளிச்சமான மண்டபத்தில் புரொஜெக்டர் போடும்போது, நான் மேலே சொன்ன காரணத்துக்காகவே கருந்திரை வேண்டாம். வாசிப்புச் சோதனைகளிலும் வெளிர் பின்னணியில் கரிய எழுத்தே மேலாக வந்திருக்கிறது. 2013இல் வெளிவந்த ஜேர்மன் ஆய்வொன்று இளையவர், முதியவர் இரு சாராரிடமும் அதைக் காட்டியது.

நிறம் போட்டால் பிள்ளைகளுக்குப் பாடம் நன்றாக விளங்கும் என்று நான் வாதாட வரவில்லை. இதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2015இல் அத்வைத் சர்க்கார் சிறு எண்ணிக்கையானவர்களை வைத்துச் செய்த ஆய்வில், நிறம் இருந்தபோது செய்நிரலை விளங்கிக்கொள்ளும் நேரம் குறைந்தது; அனுபவம் கூடக்கூட அந்த நன்மை குறைந்துகொண்டு போனது. 2018இல் ஜேர்மனியில் ஹன்னெபாவர் குழுவினர் 390 பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்தார்கள். நிறத்தால் விளக்கம் கூடியதாக எதுவும் தெரியவில்லை. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை கூட. நிறம் எவரையும் செய்நிரலாளர் ஆக்குவதில்லை. ஆனால் ஆசிரியர் நிறத்தின் பெயரைச் சொல்லிப் பாடத்தை நடத்தும்போது, அந்த நிறம் தெரியாத பிள்ளை பாடத்துக்கு வெளியே போய்விடுகிறது. அந்தச் சேதத்துக்கு ஆய்வு தேவையில்லை. நான் அந்த வகுப்பில் இருந்தவன்.

இந்த நிறங்களை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பலர் இவை பைத்தன் மொழியின் பகுதி என்றே நினைக்கிறார்கள். எடிட்டரில் இரண்டு அடுக்குகள் வேலை செய்கின்றன. ஒன்று, நாம் எழுதியதைத் துண்டுதுண்டாகப் பிரித்து இது ஒதுக்கிய சொல், இது சரம், இது குறிப்பு என்று பெயர் வைக்கும் இலக்கணக் கோப்பு. மற்றது, அந்தப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைக் கொடுக்கும் பட்டியல். இரண்டாவது பட்டியலில் நாம் எதை மாற்றினாலும் செய்நிரல் ஓடுவதில் துளி மாற்றமும் வராது. பிழைவிட்டுப் பழகுவதற்கு இதைவிடப் பயமில்லாத இடம் கணினியில் கிடையாது.

இப்படி எழுத்துக்கு நிறம் போடும் யோசனை தொடக்கத்தில் செய்நிரலாளருக்காக மட்டும் வந்ததும் அல்ல. 1985இல் ஐ.பி.எம்.மின் மைக் கௌலிஷோ எழுதிய லெக்ஸ் என்ற எடிட்டர், ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைக் கணினிக்கு மாற்றும் வேலைக்காக உருவானது. ஓர் அகராதிப் பதிவில் தலைச்சொல் எது, பொருள் எது, மேற்கோள் எது என்று தட்டச்சுச் செய்யும்போதே நிறத்தால் பிரித்துக் காட்டிய முன்னோடிகளில் அது ஒன்று. அமைப்பைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் வேலை. நிறம் அதற்கு ஒரு வழி. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு, பின்னணி நிழல் எல்லாம் மற்ற வழிகள்.

இந்த ஊரில் இருந்துகொண்டே அந்த இரண்டு அடுக்குகளில் முதலாவதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பலரினா என்ற செய்நிரல் மொழி கொழும்பில் வேர்களைக் கொண்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் உருவானது. அந்த நிறுவனத்தை 2005இல் தொடங்கியவர்களில் ஒருவர் சஞ்சீவ வீரவர்ண. மொழி 2017இல் வெளியே வந்தது, 1.0 பதிப்பு 2019 செப்டம்பரில். ஒரு புது மொழி வந்தால் அதை வி.எஸ். கோட் எடிட்டருக்குப் புரியவைக்க வேண்டும். எந்தச் சொல் ஒதுக்கிய சொல், எங்கே சரம் தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் இலக்கணத்தை எழுத வேண்டும். அந்த வேலையை நம் ஊர்க்காரர் செய்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கேயோ ஒருவர் பலரினாவில் எழுதும்போது அவருக்கு முன்னால் சொற்கள் நிறம் பெறுவது, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் எடுத்த முடிவுகளால். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். நிறம் மாற்றிப் பழகுகிற பிள்ளை நாளைக்கு இலக்கணக் கோப்பைத் திறந்து பார்க்கும்.

திறந்து பார்க்க வேண்டிய தேவை நமக்குத்தான் அதிகம். பைத்தன் 3 வந்த 2008இலிருந்து மாறிக்கும் சார்புக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். மொழி அதை முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஐடிலில் "கூட்டு" என்று ஒரு சார்பை வரையறுத்துப் பாருங்கள். சார்பின் பெயர் நீலமாக வேண்டும். முதலில் இருக்கும் ககரத்துக்கு மட்டுமே நீலம் போகும். அதன் பிறகு வருகிற உயிர்மெய்க்குறியோடு நீலம் நின்றுவிடும். காரணம் எளிது. ஐடில் பெயரை அடையாளம் காணப் பயன்படுத்தும் தேடுவிதி, எழுத்தும் இலக்கமும் அடிக்கோடும் சேர்ந்ததைத்தான் பெயர் என்று கொள்கிறது. யூனிகோட்டில் நம்முடைய ககரம் எழுத்து. ஆனால் கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்தோடு சேரும் குறி என்ற வேறு வகுப்பில் இருக்கின்றன. பைத்தனின் தேடுவிதி நூலகம் அந்த வகுப்பைச் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை. மொழி ஏற்றுக்கொண்ட பெயரை, அதே மொழியோடு வருகிற எடிட்டர் நடுவில் வெட்டுகிறது.

வி.எஸ். கோட்டின் நிறமிடல் வேறொரு தேடுவிதி நூலகத்தில் ஓடுகிறது. அதற்கு உயிர்மெய்க்குறியும் சொல்லின் பகுதிதான். ஆகவே இது தீர்க்க முடியாத கோளாறல்ல. தமிழில் எழுதுபவர்கள் போதுமான அளவு போய் முட்டாததால் அப்படியே கிடக்கிற கோளாறு. தமிழ்ச் சொற்களையே ஒதுக்கிய சொற்களாகக் கொண்ட எழில் மொழியை முத்தையா அண்ணாமலை செய்து, 2009இல் அதைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார். அதுவும் பைத்தன்மேல் கட்டியெழுப்பியதுதான். தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணவும் பிரிக்கவும் ஓப்பன் தமிழ் என்ற நூலகம் தேவைப்பட்டதற்குப் பின்னால் இருப்பதும் இதே சிக்கல். உங்கள் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, இந்த நீல ககரத்தைப் பார்த்து ஏன் என்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். ஒரு முழு வகுப்பு அதற்குள் இருக்கிறது.

இனி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன்.

ஐடிலின் தேர்வுகள் பட்டியில் போய், அமைப்புச் சாளரத்தைத் திறந்தால் நிறங்களுக்கென்று ஒரு தாவல் இருக்கும். அங்கே ஒரு மாதிரிச் செய்நிரல் தெரியும். அதில் எந்தப் பகுதியைச் சொடுக்குகிறீர்களோ அதன் நிறத்தை மாற்றலாம். உங்கள் மாற்றத்தை ஒரு புதுப் பெயரில் சேமிக்கும்படி அது கேட்கும். வெள்ளைப் பின்னணிக்கு நான் பரிந்துரைப்பது இது. ஒதுக்கிய சொற்களுக்குச் சிவப்பு 0, பச்சை 114, நீலம் 178 என்ற நீலம். சரங்களுக்கு 170, 70, 0 என்ற கடும் மண்ணிறம். குறிப்புகளுக்கு 95, 95, 95 என்ற சாம்பல். அதோடு குறிப்பின் பின்னணிக்கு மட்டும் மிக இலேசான மஞ்சள் நிழல். சார்பின் பெயரும் மற்றதெல்லாமும் கறுப்பாகவே இருக்கட்டும். வெள்ளையில் இந்த மூன்று நிறங்களின் விகிதமும் 5ஐத் தாண்டும். நீலமும் மண்ணிறமும் சிவப்பு பச்சை பிரியாத கண்ணுக்கும் தெளிவாகப் பிரியும். குறிப்பு எது என்பதைப் பின்னணி நிழலே சொல்லிவிடும். அதற்கு நிறம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

நிறங்களைக் குறைத்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றுதான் செய்தேன். ஏழெட்டு நிறம் மின்னும் திரை அழகாக இருக்கலாம். படிப்பிக்கிற திரையில் மூன்றுக்கு மேல் தேவையில்லை.

நீங்கள் சேமித்த நிறத்தொகுப்பு, பயனரின் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் ஐடில்ஆர்சி என்ற கோப்புறையில் சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும். அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்து ஆய்வுகூடத்தின் எல்லாக் கணினிகளிலும் பிரதி செய்துவிடலாம். ஒவ்வொன்றாக இருந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

வி.எஸ். கோட் பாவிப்பவர்களுக்கு இன்னும் வசதி. அமைப்புக் கோப்பில் குறிப்பு, சரம், ஒதுக்கிய சொல், சார்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனியே நிறம் கொடுக்கலாம். தடிப்பும் சாய்வும் அடிக்கோடும்கூடக் கொடுக்கலாம். ஐடிலில் அது முடியாது. ஒதுக்கிய சொல்லைத் தடித்த எழுத்தாகவும் குறிப்பைச் சாய்வாகவும் வைத்துவிட்டால், நிறம் எப்படிப் போனாலும் அமைப்பு தெரியும். உயர் மாறுபாட்டுத் தொகுப்புகளும் அதில் கூடவே வருகின்றன. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் பிறந்த தொனி என்ற எடிட்டரையும் ஒருமுறை பாருங்கள். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்காகவே செய்தது. மூடாமல் விட்ட மேற்கோள் குறியையும் அடைப்பையும் பின்னணி நிழல் போட்டுக் காட்டும். பிள்ளைகள் ஆகக் கூடுதலாக விடுகிற பிழைகள் அவைதான்.

உங்கள் திரை சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. விண்டோஸின் அணுகல் அமைப்பில் நிற வடிகட்டி என்று இருக்கும். அதில் சாம்பல் வடிகட்டியைப் போட்டுவிட்டு உங்கள் பாடச் செய்நிரலைப் பாருங்கள். ஐடிலின் பழைய நிறங்கள் வெறும் சாம்பல் அளவுகளாக மாறிவிடுவதைக் காண்பீர்கள். அந்தச் சாம்பல் திரையிலும் எல்லா எழுத்தும் சிரமமில்லாமல் வாசிக்கக் கூடியதாக இருந்து, குறிப்பு எது என்று தெரிந்தால் போதும்.

சாம்பல் திரையில் பழகுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். உயர்தர வினாத்தாள் கறுப்பு மையில் அச்சாகி வருகிறது. அதில் பைத்தன் செய்நிரலுக்கு நிறம் இல்லை. வெளியீடு என்ன என்று கேட்கும் வினாவிலும், பேனையால் செய்நிரல் எழுதும் வினாவிலும் பிள்ளை தன் கண்ணையும் உள்தள்ளலையும் மேற்கோள் குறியையும் மட்டும் நம்ப வேண்டும். இரண்டு வருடமும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் அது கைவிட்டுப்போகும். தவணையில் சில வகுப்புகளாவது நிறத்தை முழுக்க நிறுத்திவிட்டு நடத்துங்கள். ஐடிலில் எல்லாவற்றையும் கறுப்பாக்கி இன்னொரு தொகுப்பைச் சேமித்தால், சில சொடுக்குகளில் மாறிவிடலாம்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாகக் கேட்பது உங்கள் வாய்ச்சொல்லில் ஒரு மாற்றம். "பச்சையில் இருக்கிறது", "சிவப்பில் இருக்கிறது" என்பதை விட்டுவிடுங்கள். "மூன்றாம் வரியில் மேற்கோள் குறிக்குள் இருக்கிற சரம்" என்று சொல்லுங்கள். "எண் குறிக்குப் பிறகு வருகிற குறிப்பு" என்று சொல்லுங்கள். இதற்குப் பணமும் வேண்டாம், புது மென்பொருளும் வேண்டாம். நிறம் தெரிகிற பிள்ளையும் இதனால் கூடுதலாகக் கற்கிறது, ஏனென்றால் சரத்தைச் சரமாக்குவது மேற்கோள் குறி என்பது அதன் காதில் திரும்பத் திரும்ப விழுகிறது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதற்கு எங்கே போவது என்று சிலர் கேட்பீர்கள். அந்த நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள வேலையும் அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை என்று நிறத்தை எண்ணாக எழுதும்போது, எட்டு பிட்டுக்கு எத்தனை பெறுமானம் என்று நீங்கள் படிப்பித்தது திரையில் உயிர்பெறுகிறது. தான் போட்ட எண்ணுக்குத் திரை மாறுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு, இந்த இயந்திரம் தன் பேச்சைக் கேட்கும் என்ற நம்பிக்கை முதல் நாளே வருகிறது.

உங்களில் எவராவது வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து "யாருக்கு நிறம் தெரியாது, கை உயர்த்துங்கோ" என்று கேட்க நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். யாரும் உயர்த்த மாட்டார்கள். உயர்த்துகிற பிள்ளைக்கு அதன் பிறகு பட்டப்பெயர் வரும். எல்லோரையும் தங்கள் தங்கள் கண்ணுக்கு வசதியாக நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். தேவைப்பட்ட பிள்ளை யாருக்கும் சொல்லாமலே மாற்றிக்கொள்ளும். யாராவது ஒரு பிள்ளை தனியே வந்து கேட்டால், 1917இல் தோக்கியோவில் இஷிஹாரா உருவாக்கிய புள்ளித் தகடுகளால் கண் வைத்தியர் சிறிது நேரத்தில் சோதித்துச் சொல்லிவிடுவார் என்றும், இதனால் மென்பொருள் துறைக்குள் போவதற்கு எந்தத் தடையும் இல்லை என்றும் சொல்லுங்கள். அந்த இரண்டாவது வசனத்தை மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்னர் புரொஜெக்டரைப் போட்டுவிட்டு, கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்து உங்கள் செய்நிரலை வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாத எழுத்து ஒன்றாவது இருந்தால், அன்றைக்கே அதன் நிறத்தை மாற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்,
வெள்ளவத்தை.